1 கிலோ ஓம் எதற்கு? கணக்குப் போடுங்கள்!

டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும் மாணவர்கள் பலர், பேஸில் கண்ணை மூடிக்கொண்டு 1 கிலோ ஓம் மின்தடையைப் பொருத்துகிறார்கள். ஏன் என்று கேட்டால், "படத்தில் அப்படித்தான் இருந்தது" என்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை.

கணக்கு எளிது. ரிலேவுக்கு 70 மில்லிஆம்பியர் தேவை என்றால், டிரான்சிஸ்டர் முழுமையாகக் கடத்த பேஸுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு, 7 மில்லிஆம்பியர் கொடுப்போம். பலகை தரும் 5 வோல்ட்டில் 0.7 வோல்ட் பேஸ்-எமிட்டர் சந்திக்குப் போய்விடும். மீதி 4.3 வோல்ட்டை 0.007 ஆம்பியரால் வகுத்தால் சுமார் 614 ஓம். அதற்குக் கீழே கடையில் கிடைப்பது 560.

பலகை 3.3 வோல்ட் என்றால் 330 ஓம் வேண்டும். அங்கே 1 கிலோ ஓம் வைத்தால் பேஸுக்கு 2.6 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். டிரான்சிஸ்டர் அரைகுறையாகக் கடத்திச் சூடேறலாம்.

படம் வரைந்தவருக்கு உங்கள் ரிலே தெரியாது. சாலிடர் செய்யும் முன் இந்தக் கணக்கை எழுதிப் பாருங்கள்.