செந்நெல்லும் வெண்ணெல்லும்: தோலின் நிறம் தாயுடையது

சென்ற சம்பா அறுவடைக்குப் பின், பூவிருந்தவல்லிக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்து மிராசுதாரர் ஒரு கைப்பிடி அரிசியை என்முன் பரப்பினார். "ஐயா, நான் விதைத்தது வெள்ளைப் பொன்னி. விதைநெல்லில் ஒரு பிடியை நானே உரித்துப் பார்த்தேன். ஒரு மணியும் சிவந்திருக்கவில்லை. இப்போது பாருங்கள், வெள்ளைக்கு நடுவே எத்தனை சிவப்பு! வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். இது மண்ணின் தோஷமா, விதை விற்றவரின் மோசடியா?" என்று வினவினார்.

இவ்வினா அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆவடி, அம்பத்தூர்ப் பக்கங்களில் நிலங்கள் வீட்டுமனைகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறிவிட்ட பின்னர் எஞ்சியிருக்கும் கழனிகளில், வெள்ளரிசி ரகங்களும் சிவப்பரிசி ரகங்களும் வரப்புக்கு வரப்பு அடுத்தடுத்து விளைகின்றன. ஆகையால் இதற்குரிய விடையை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் நன்கு அறிந்திருத்தல் அவசியமென்று கருதுகிறேன்.

முதலாவதாக, இது மண்ணின் தோஷமன்று. அரிசியின் மேல்தோலில் படியும் துவர்ப்புச் சத்தே சிவப்புக்குக் காரணம். பாக்கைத் துவர்க்கச் செய்வதும் இவ்வினத்தைச் சேர்ந்த சத்தே. இதை உண்டாக்க இரண்டு மரபணுக்கள் வேண்டும். ஏழாவது குரோமோசோமிலுள்ள ஆர்.சி. என்பது கட்டளையிடுகிறது, முதலாவது குரோமோசோமிலுள்ள ஆர்.டி. என்பது சாயத்தைச் சமைக்க வேண்டிய நொதியைத் தருகிறது. பின்னது பழுதுபட்டால் தோல் பழுப்பாகும். முன்னது பழுதுபட்டாலோ வெள்ளையாகும். இந்த ஆர்.சி. மரபணுவில் 14 எழுத்துக்கள் அற்றுப்போனதே வெண்மைக்குக் காரணமென்று 2006இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். காட்டு நெல்லின் அரிசி சிவந்ததே. எனவே சிவப்பே நெல்லின் பூர்வ நிறம். வெண்மை பின்னர் நேர்ந்த ஓர் இழப்பு. அவ்விழப்பை எருவாலோ நீராலோ ஈடுசெய்து, வெண்ணெல்லைச் செந்நெல்லாக்க இயலாது.

இரண்டாவதாக, உரித்துப் பார்த்தும் கலப்புத் தெரியாமற் போனது ஏன்? அரிசியின் தோல் தாய்ச்செடியின் உறுப்பு. உள்ளிருக்கும் கருவே தாய்க்கும் தந்தைக்கும் பொதுவானது. வெண்ணெல் பூவில் அயற்கழனிச் செந்நெல்லின் மகரந்தம் விழுந்தால், அன்று விளையும் மணி வெண்மையாகவே இருக்கும். அதன் கருவினுள் சிவப்பு ஒளிந்திருக்கும். நெல்லில் இவ்வாறு அயல்மகரந்தம் சேர்வது பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவே. ஆயினும் விளைவு அற்பமன்று. அந்த ஒரு மணியை விதைத்தால், சிவப்பு மேலோங்கும் குணமாகையால், அச்செடியின் மணிகள் யாவும் சிவந்தே தோன்றும். ஒரு செடிக்குப் பத்துக் கதிர், கதிருக்கு நூறு மணி என்று கொண்டால், அவை ஆயிரம். அந்த ஆயிரத்தையும் மீண்டும் விதைத்தால், ஏறக்குறைய 750 செடிகள் சிவப்பையும் 250 செடிகள் வெள்ளையையும் தரும். அந்த 750இலும் ஏறக்குறைய 500 செடிகள் உள்ளே வெண்மையை மறைத்து வைத்திருப்பவை. ஆகவே செந்நெல் பயிரிடுவோருக்கும் இக்கலப்பு நஷ்டமே.

பேரிக்காயோடு ஒப்பிட்டால் இவ்விஷயம் எளிதில் விளங்கும். 1938இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பச்சைத் தோலுள்ள பார்ட்லெட் பேரி மரத்தில் ஒரு கிளை மட்டும் சிவந்த காய்களை ஈன்றது. அக்கிளையை ஒட்டுக்கட்டிப் பெருக்கி, 'மாக்ஸ் ரெட் பார்ட்லெட்' என்னும் ரகமாக்கினர். பேரியிலும் தோல் தாய்மரத்துக்கே உரியது. எந்த மகரந்தம் சேர்ந்தாலும் அந்தக் காயின் தோல் நிறம் மாறாது. ஒட்டுமரத்தில் தாய் என்றும் அதே தாய். ஆகவே திடீரென்று பச்சைக்குத் திரும்பும் கிளையைக் கழித்துவிட்டால் போதும். நெல்லிலோ பருவந்தோறும் புதிய தாய். சென்ற பருவத்து அஜாக்கிரதை இப்பருவத்தில் தாயாக நிற்கும்.

"அப்படியாயின் சிவப்பு ரகங்களையே விலக்கிவிடலாமே" என்பார் உளர். அதை நான் ஒப்பேன். ஆவடிக்கு மேற்கே திருவள்ளூர் செல்லும் வழியிலுள்ள திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1978இல் வெளியிட்ட டி.கே.எம். 9, டி.கே.எம். 7ஐயும் ஐ.ஆர். 8ஐயும் கலந்து உண்டாக்கியது. பெற்றோரில் ஒன்றான ஐ.ஆர். 8 வெள்ளரிசியாயிருந்தும் சேய் சிவப்பரிசியாயிற்று. பூங்காரையும் மாப்பிள்ளைச் சம்பாவையும் விரும்பி வாங்குவோர் இன்றும் உளர். குற்றம் சிவப்பில் இல்லை, கலப்பில் இருக்கிறது. வெள்ளையிற் கலந்த சிவப்புக்கும் விலையில்லை, சிவப்பிற் கலந்த வெள்ளைக்கும் விலையில்லை.

செய்யத்தக்கவை சில. விதைக்கென ஒரு பாத்தியைத் தனியே ஒதுக்கி, அயல் ரகத்திலிருந்து குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விடுக. விதைச் சான்றளிப்பு விதியும் அதுவே. கதிர் முற்றியபின், விதைக்கு எடுக்கும் ஒவ்வொரு செடியிலும் ஒரு மணியை உரித்துப் பார்க்க. ஒரு செடியின் மணிகளெல்லாம் ஒரே நிறமாகையால் ஒரு மணியே போதிய சாட்சி. மூட்டையில் ஒரு பிடியை உரிப்பதினும் இது பன்மடங்கு மேலானது. அறுவடை இயந்திரம் செந்நெற் கழனியிலிருந்து வந்தால், உள்ளே தங்கிய நெல்லைத் தட்டி வெளியேற்றிய பின்னரே உங்கள் கழனியில் இறக்குக. களத்தையும் சாக்கையும் அவ்வாறே துப்புரவு செய்க. களைச் செந்நெல்லில் இதே ஆர்.சி. மரபணு விதையின் உறக்கத்தையும் நீட்டிப்பதாக 2011இல் அறியப்பட்டது. ஆகவே உதிர்ந்த மணி நிலத்தில் உறங்கிப் பின்னொரு பருவத்தில் முளைக்கக்கூடும். கலப்பு மிகுந்த கழனியில் நடவுக்கு முன் நீர் பாய்ச்சி, முளைத்தவற்றை மடக்கி உழுவது நலம்.

இவற்றுள் சில ஒருவரால் மட்டும் ஆவனவல்ல. ஒரே மடையில் பாயும் கழனிக்காரர்கள் ஒன்றுகூடி, செந்நெல்லை ஒரு பக்கமும் வெண்ணெல்லை ஒரு பக்கமுமாக அமைத்துக்கொள்ளல் வேண்டும். கிராம அதிகாரிகள் அடங்கலில் பயிரைக் குறிக்கும்போது, ரகத்தையும் அரிசியின் நிறத்தையும் விசாரித்துத் தனியே ஒரு குறிப்பு வைத்துக்கொண்டால், அவ்வேற்பாட்டுக்குப் பேருதவியாகும்.

மேற்படி மிராசுதாரருக்கு நான் கூறிய விடையும் இதுவே. அவருக்கு விதை விற்றவர் மோசம் செய்தாரா இல்லையா என்பதை அந்த அரிசி ஒன்றைக் கொண்டே தீர்ப்பது நியாயமாகாது. சென்ற பருவங்களில் அடுத்த கழனியில் என்ன விளைந்தது, எந்த இயந்திரம் அறுத்தது, களத்தில் முன்பு எந்த நெல் கிடந்தது என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். அவர் சற்று யோசித்து, அடுத்த சம்பாவுக்கு அரைக்கால் காணியை விதைப்பாத்தியாக ஒதுக்குவதாகச் சொல்லிச் சென்றார். மற்றையோரும் அவ்வாறு செய்வார்களென்று நம்புகிறேன்.