கடலடிச் சேறு சொல்லும் மழைக் கணக்கு!

மேட்டூர் தண்ணீரை நம்பி வாழ்வோர் அறிய வேண்டிய சேதி

ஆனி, ஆடி மாதங்களில் சேலம், நாமக்கல் பக்கம் விவசாயிகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி?”

அணையின் முழு அளவு 120 அடி. நிரம்பினால், கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்கள் மூலம் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45 ஆயிரம் ஏக்கர் பாசனம் பெறும். நிரம்பாவிட்டால் திண்டாட்டம். அணையை நிரப்புவது உள்ளூர் மழை அல்ல. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழை.

இந்த மழை இனிமேல் கூடுமா, குறையுமா? விடை தேடி விஞ்ஞானிகள் கடலின் அடிக்கே போனார்கள்!

பழைய கணக்கு எங்கே?

இந்திய வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. மறு ஆண்டே வந்தது தாது வருஷப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மிகவும் வாடிய ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. நாடு முழுவதுக்குமான ஒழுங்கான மழைக் கணக்கு அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. அதாவது, மனிதன் எழுதிய கணக்கு சுமார் 150 ஆண்டுதான்.

அதற்கு முந்தைய கணக்கைக் கடல் வைத்திருக்கிறது. வறண்ட ஏரியில் குழி வெட்டினால், வண்டல் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இருப்பது புதியது. அடியில் இருப்பது பழையது. கடலின் அடியிலும் அப்படியே சேறு படிகிறது.

கப்பலில் போனார்கள்

2014 நவம்பரில் ‘ஜாய்டீஸ் ரெசல்யூஷன்’ என்ற கப்பல் சிங்கப்பூரிலிருந்து வங்கக் கடலுக்குப் புறப்பட்டது. இந்தியர் உள்படப் பல நாட்டு விஞ்ஞானிகள் அதில் இருந்தார்கள். ஒடிசாவில் மகாநதி கடலில் கலக்கும் பகுதிக்கு அப்பால், சுமார் 1,400 மீட்டர் ஆழத்தில் குழாயை இறக்கினார்கள். கரும்பு போல நீண்ட சேற்றுத் துண்டுகள் மேலே வந்தன.

அந்தச் சேற்றில் மணல் அளவே உள்ள சிப்பி போன்ற ஓடுகள் கிடந்தன. அவை ஒரு காலத்தில் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள். அவைதான் சாட்சி!

ஓடு எப்படிச் சாட்சி சொல்லும்?

பிராண வாயுவில் எடை குறைந்தது, எடை கூடியது என்று வகைகள் உண்டு. மழைத் தண்ணீரில், கடல் நீரில் இருப்பதைவிட எடை குறைந்த வகை அதிகம். பெருமழை பெய்தால் நதிகள் வழியாக அந்த நீர் கடலில் கலக்கிறது. கடலின் உப்பும் குறைகிறது. அப்போது உருவாகும் ஓட்டில் அந்த அடையாளம் பதிந்துவிடுகிறது. கடல் நீரின் சூட்டையும் கணக்கில் சேர்த்தால், அந்தக் காலத்து மழையின் போக்கு தெரிந்துவிடும். நதி கொண்டுவந்த மண்ணின் அளவும் இதற்கு ஒத்துச் சொல்கிறது.

ஸ்டீவன் கிளெமென்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் இப்படி 9 லட்சம் ஆண்டுகளின் கணக்கைப் படித்து, 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். காற்றில் கரியமில வாயு கூடி, உலகின் பனிப்பாறைகள் குறைந்த காலங்களில், பருவமழையும் வலுத்திருக்கிறது! காரணம் எளிது. சூடு ஏறினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும்.

அந்த நெடுங்காலத்தில், பத்து லட்சம் பங்கு காற்றில் கரியமில வாயு சுமார் 300 பங்கைத் தாண்டியதில்லை. இப்போதோ 420 பங்குக்கு மேல்! நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து எழும் புகையே முக்கிய காரணம்.

நமக்கு என்ன?

மகாநதிச் சேறு சொல்வது வடக்கே பெய்யும் தென்மேற்குப் பருவமழையைப் பற்றி. ஐப்பசியில் சேலத்தில் எத்தனை அங்குலம் பெய்யும் என்று அது சொல்லாது. மழை கூடும் என்றால், அளவாக, வேளைக்குப் பெய்யும் என்றும் பொருள் அல்ல.

2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதி என்று அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு ஜூலையில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டில் பள்ளிபாளையம், குமாரபாளையம் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. ஒரே காவிரி, காய்ச்சலும் வெள்ளமும் அடுத்தடுத்து!

மரவள்ளி பயிரிடுபவருக்கும், கோழிப்பண்ணைக்கு மக்காச்சோளம் வாங்குபவருக்கும் இதில் நஷ்டம் உண்டு. வரும் மழையைப் பிடித்து வைத்தால்தான் வராத மாதத்துக்கு உதவும். அதற்கு ஏரிகள் தூர் வாரப்பட வேண்டும். வரத்து வாய்க்கால்களில் ஆக்கிரமிப்பு நீங்க வேண்டும். ஆற்றின் ஓரத்தில் வீடு கட்டுமுன் பழைய வெள்ளம் எதுவரை வந்தது என்று விசாரிக்க வேண்டும்.