ஊரைக் கேட்பதா, ஒருவரைக் கேட்பதா?

ஒரு கிராமத்தை ஆழ்ந்து ஆராய்ந்த நூல்களையெல்லாம் 'சமூகவியல்' என்னும் ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். அவை எழுப்பும் கேள்விகள் வேறுவேறு. கேள்விக்கேற்ப ஆய்வின் அமைப்பும் வேறுபடுகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு சில ஊர்களை ஆராயச் செய்தார். 1918இல் அது நூலாயிற்று. அவற்றுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் பலமுறை சென்றனர், 2008இலும் சென்றனர். ஓர் ஊரை எல்லைகட்டி, அங்கே நிலமும் கூலியும் எவ்வாறு மாறின, ஏன் மாறின என்று தொடர்ந்து வினவுவது நேர்வாய்வு.

கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்து ஊர்களில் தங்கினார். 1976இல் மீண்டும் வந்தார். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர், அக்கட்டு எங்கே தளர்கிறது என்பதை உடனிருந்து காண்பது இனவரைவியல்.

மூன்றாவது, வாழ்க்கைக் கதை. புதுச்சேரியை அடுத்த சிற்றூரின் தலித் விவசாயக் கூலிப் பெண்ணான வீரம்மா தமிழில் சொன்னவற்றை ழோசியான் ரசீன் பல்லாண்டுகள் கேட்டுப் பதிந்தார். அந்நூல் 1995இல் முதலில் பிரெஞ்சில் வெளிவந்தது.

இலக்கிய வாசகர்களாகிய நம் மனம் மூன்றாவதன் பக்கமே சாய்கிறது. குரல் கேட்கிறது, எனவே உண்மையும் அங்கேதான் இருக்கிறது என நம்புகிறோம். ஆனால் கேட்டவர், தேர்ந்தவர், வரிசைப்படுத்தியவர், மொழிபெயர்த்தவர் என எத்தனையோ கைகள் அக்குரலைத் தொட்டிருக்கின்றன. அட்டவணை தன்னைத் தொகுத்தவனை மறைப்பதைவிட, தன்மையில் பேசும் நூல் அவனை எளிதாக மறைத்துவிடுகிறது. ஆகவே இவ்வகை நூல்களிடம்தான், 'என்ன கேட்டீர்கள், எதை விட்டீர்கள்?' என்று நாம் கூடுதலாகக் கேட்கவேண்டும்.

மூன்றையும் கலந்தால் முழுமை கிட்டும் என்பாரும் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. ஒருத்தியின் சொல்லைக் கொண்டு ஊரின் கூலி வரலாற்றை நிறுவ இயலாது. கூலிக் கணக்கைக் கொண்டு அவள் பட்ட அவமானத்தை அறியவும் இயலாது. ஒன்றின் குறையை மற்றொன்று சுட்டிக்காட்டலாம். அதன் இடத்தில் அமர முடியாது. எந்தக் கேள்விக்காக இந்த வழியைத் தேர்ந்தேன் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லும் ஆய்வாளரை நாம் நம்பி வாசிக்கலாம். அதைச் சொல்லாதவரின் நடை எத்துணை அழகாயிருப்பினும், சற்று நிதானித்தே பக்கம் புரட்டுவோம்.