சருகுக்கும் ஒரு தீர்மானம்

மாசி பிறந்தால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரங்களில் புகை கிளம்பிவிடும். சருகுதானே எரிகிறது என்று கடந்துபோகிறோம். ஆனால் காட்டுக்கு யாரும் உரம் போடுவதில்லை. உதிர்ந்த இலையிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் வேருக்குத் திரும்பினால்தான் அடுத்த துளிர்.

மழை விட்ட மறுநாள், ஏதாவது ஒரு கோயில்காட்டோரம் குந்தி, சருகைக் கையால் விலக்கிப் பாருங்கள். மேலே நேற்று விழுந்த முழு இலை. கீழே நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடை இலை. அதற்கும் கீழே, இலையா மண்ணா என்று பிரிக்க முடியாத கறுப்புத் தூள். அதில் குட்டிக் குட்டி உருண்டைகள் கிடக்கும், மரவட்டையின் எச்சம். மரவட்டை தின்பதில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. பொடியாகி ஈரத்தோடு விழுவதால் நுண்ணுயிர்கள் அதில் சட்டென்று குடியேறுகின்றன. விரல் பட்டதும் துள்ளி மறையும் வில்வால் பூச்சிகள் பூஞ்சையை மேய்கின்றன. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் பாக்டீரியாவைத் தின்று, மிஞ்சிய தழைச்சத்தை அம்மோனியமாகக் கழிக்கின்றன; வேருக்கு எட்டும் உணவு அது. மண்புழுவின் உழைப்பைச் சொல்லவே டார்வின் 1881-ல் ஒரு புத்தகம் எழுதினார். வீட்டில் நாம் விரட்டும் கறையான், மண்புழுக்கள் ஆழத்தில் பதுங்கும் கோடையிலும் காய்ந்த மரத்தை மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது.

சாம்பலும் உரம்தானே என்பார்கள். சுமார் 200 டிகிரி செல்சியஸிலேயே தழைச்சத்து வாயுவாகப் பறக்கத் தொடங்கிவிடும். மிஞ்சும் சாம்பலைச் சரிவில் விழும் முதல் மழை ஓடைக்கு இழுத்துப்போகும். சருகில் வாழ்ந்த உயிர்களோ வெந்து போயிருக்கும்.

பழியை ஒருவர் தலையில் கட்டுவது எளிது. புதுப்புல்லுக்காகக் கொளுத்துபவரின் ஆடுமாடுகளுக்குக் கோடையில் தீவனமில்லை என்பது உண்மை. அதற்கு வழி செய்யாமல் அவரை மட்டும் கண்டிப்பதில் நியாயமில்லை. மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள் அணைக்காமல் விட்ட அடுப்பும், வீசியெறிந்த பீடித்துண்டும் நம்முடையவை. காட்டையொட்டிய தோட்டங்களில் குப்பை கொளுத்தும் தீயும் எல்லை தாண்டும்.

ஜனவரி 26-ல் கிராம சபை கூடுகிறது, தீக்காலம் முற்றுவதற்கு முன்னால். கோடைத் தீவனத்தைப் பஞ்சாயத்து எப்படித் திரட்டும், தீத்தடுப்புக் கோடுகளை வனத்துறை எந்த நாளுக்குள் வெட்டி முடிக்கும், திருவிழா அடுப்புகளை எங்கே மூட்டலாம், தோட்டக் குப்பையை எங்கே மக்கவைக்கலாம்: மேய்ப்பவர், தோட்டக்காரர், கோயில் நிர்வாகி, வனக்காவலர் எல்லோரும் அன்று ஒரே பந்தலில் உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும்.