ஒரு ரிங்கிட் சிகிச்சையும் ஒரு நாள் சம்பளமும்

"புகைப்பழக்கம் தானே தேடிக்கொண்ட வினை. அதை விடுவிக்க மக்களின் வரிப்பணம் எதற்கு?"

சென்ற பருவத்தில் விடுதி உணவகத்தில் நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். மேசையில் பலரும் தலையாட்டினர். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான்.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கையில், ஆசிரியர் காட்டிய நுரையீரல் படத்தைப் பார்த்துப் பயந்து, அப்பாவின் சிகரெட் பெட்டியைத் தண்ணீர் வாளியில் போட்டேன். அப்பா திட்டவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். என்மேல் பாசம் இருந்தால் விட்டிருப்பாரே என்ற குறை எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளையை எட்டிவிடும். நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வாட்டும் என்பதைப் பின்னரே அறிந்தேன். பாசத்தால் மட்டும் தீராத அடிமைத்தனம் அது.

சரி, வரிப்பணத்தைப் பற்றியே பேசுவோம். 2015 நவம்பரில் மலேசியாவில் ஒரு சிகரெட்டுக்கான கலால் வரி 40 சென் ஆனது. 20 சிகரெட் கொண்ட பெட்டிக்கு 8 ரிங்கிட்! நாளொன்றுக்கு ஒரு பெட்டி பிடித்த அப்பா, ஆண்டுக்கு 2,900 ரிங்கிட்டுக்கு மேல் வரி கட்டியிருக்கிறார். புகைப்பதை விட விரும்புவோருக்கு உதவும் கடமை நாட்டுக்கும் உண்டு. மலேசியா 2005இல் ஏற்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த ஆலோசனையும் மருந்தும் தருகிறார்கள். குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். பிறகென்ன குறை?

அப்பா பாதுகாவலர், பன்னிரண்டு மணிநேர வேலை. கிளினிக்கில் கிடைத்த நேரமோ வேலைநாள் காலை பத்து மணி. ஒரு ரிங்கிட் சிகிச்சைக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று. நிக்கோட்டின் மெல்லும் பசை கொடுத்தார்கள். விளக்கத்தாள் மலாயில் இருந்தது. அப்பா பேசுவது கடைத்தெரு மலாய். சாதாரண சுவிங்கம் போல விடாமல் மென்றார். விக்கலும் குமட்டலும் வந்தன. பசையைக் குப்பையில் போட்டுவிட்டுச் சிகரெட்டை எடுத்தார்.

மறுமுறை நானும் உடன் சென்றேன். தாதி பொறுமையாக விளக்கினார், நான் தமிழில் சொன்னேன்: "மெதுவா மெல்லணும்ப்பா. நாக்கு சுருசுருன்னு வந்ததும் கன்னத்துல ஒதுக்கி வச்சிடணும். கொஞ்ச நாளைக்குக் கோவம் வரும், தூக்கம் வராது. பயப்படாதீங்க."

"இத யாரும் முன்னாடியே சொல்லலையேப்பா," என்றார் அப்பா.

இன்று அப்பா புகைப்பதை நிறுத்தி மூன்று மாதங்கள் ஆகின்றன. இது நீடிக்குமா என்ற கவலை இருக்கிறது. எனினும் முதல் முயற்சி தோற்றதற்கு அவருடைய மனவுறுதியைக் குறை சொல்ல மாட்டேன்.

2024 அக்டோபர் 1 முதல் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852 நடப்புக்கு வந்துள்ளது. தண்டம் விதிக்கும் அரசாங்கம், மாலையிலும் வார இறுதியிலும் இந்தச் சேவையைத் தர வேண்டும். விளக்கத்தாள் நோயாளிக்குப் புரியும் மொழியில் அவர் கைக்குச் சேர வேண்டும். இது சலுகையன்று, செலவிடும் பணம் வீணாகாமல் இருக்க வழி.

நமக்கும் பங்குண்டு. மருத்துவராகவும் மருந்தாளராகவும் பணியாற்றும் முன்னாள் மாணவர்களே, ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தை எழுதித் தாருங்கள். மாணவ நண்பர்களே, வீட்டில் புகைப்பவர் இருந்தால் அறிவுரையை நிறுத்திவிட்டு, அவரோடு ஒருநாள் கிளினிக் வரிசையில் அமருங்கள். மேடையில் முழங்கும் நம் தமிழ், அந்த வரிசையிலும் ஒலிக்கட்டும்!