எத்தனாம் நம்பர் பஸ்?



நமக்கு வந்து சேரும் சிறுகதைகளில் பெரும்பாலானவை லிட்டில் இந்தியா எனும் தேக்காவிலேயே நடக்கின்றன. நாயகன் சிராங்கூன் சாலையில் நடப்பான். மல்லிகைச் சரம் தொங்கும் கடை வாசலில் நிற்பான். வீரமாகாளியம்மன் கோயில் மணி கேட்கும். வாழையிலைச் சாப்பாடு, பழைய காதல், கொஞ்சம் கண்ணீர். கடைசியில் ‘பேருந்தில் ஏறி வீடு திரும்பினான்’ என்று ஒரு வரி. கதை முடிந்தது.

எனக்கோ அந்தக் கடைசி வரியைப் படித்ததும்தான் ஆவல் பிறக்கிறது. எத்தனாம் நம்பர் பஸ்? எந்த இன்டர்சேஞ்சில் இறங்கினான்? அங்கிருந்து ஃபீடர் பிடித்தானா, பொடிநடையாகப் போனானா? அவன் வீடு எத்தனையில் தொடங்கும் புளோக்? இதற்கெல்லாம் விடை கிடைத்தால் ஆள் யாரென்று பாதி தெரிந்துவிடும். முகவரியைக் கேட்டதுமே, உங்கள் பெற்றோர் எந்தக் கம்பத்திலிருந்து எப்போது குடிபெயர்ந்திருப்பார்கள் என்று சொல்லிவிடும் பெரியவர்கள் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள்.

தேக்காவைக் குறை சொல்லவில்லை. சுண்ணாம்புச் சூளைகள் புகைந்த காலத்தில் நம்மவர்கள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்த வட்டாரம் அது. மாட்டுத் தொழுவங்கள் போன பிறகும் பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு மொழிகளில் எருமையை நினைவு வைத்திருக்கிறது. குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு இடம் மாறியும் ரேஸ் கோர்ஸ் சாலை பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் நாம் அங்கே குடியிருக்கவில்லையே! மளிகைக்குப் போகிறோம், தீபாவளி ஒளியூட்டைப் பார்க்கப் போகிறோம், பிறகு எங்கோ போய்விடுகிறோம். அந்த ‘எங்கோ’தான் நம் பக்கங்களில் வரவே மாட்டேன் என்கிறது.

எங்கே போகிறோம் என்பதற்கு ஒரு சட்டதிட்டப் பின்னணியும் உண்டு. 1989 மார்ச்சில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வரை இருக்கலாம் என்று வரம்பு வகுத்தது. இந்தியர்களுக்கும் பிற இனத்தவருக்கும் சேர்த்துப் பேட்டைக்கு 10, புளோக்குக்கு 13 விழுக்காடு என்று தொடங்கி, 2010-இல் அது 12, 15 என்று உயர்ந்தது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைத்த இந்தியக் குடும்பங்கள், வாங்க ஆளிருந்தும் சீனருக்கு விற்க முடியாமல் மாதக்கணக்கில் காத்திருந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். அந்த வாதத்தை இன்று தொட மாட்டேன். தொட்டால் அடுத்த மூன்று இதழ்களின் கடிதப் பகுதி அதிலேயே போய்விடும். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்த ஊரில் தமிழர் பேட்டை என்று ஒன்று இனி உருவாக வழியில்லை. ஈசூனில் கொஞ்சம், உட்லண்ட்ஸில் கொஞ்சம், செங்காங்கில், பொங்கோலில், சுவா சூ காங்கில் கொஞ்சம் என்று எல்லா இடத்திலும் சிதறியிருக்கிறோம்.

அப்படிச் சிதறிய இடங்களுக்கெல்லாம் எண்தான் முகவரி. தெம்பனிஸ் ஸ்ட்ரீட் 11-இல் வட்ட வடிவச் சந்தை ஒன்று இருக்கிறது, புளோக் 137. தெருவின் எண்ணும் புளோக் எண்ணும் 1-இல் தொடங்குவதால் அது அந்நகரின் முதல் பேட்டை. ஸ்ட்ரீட் 81 பக்கம் போனால் புளோக்குகளும் 8-இல் தொடங்கும். 1995-இல் ஆறிலக்க அஞ்சல் குறியீடு வந்தபோது இதே எண் அதன் வாலில் போய் உட்கார்ந்துகொண்டது: 521137. பேருந்து நிறுத்தங்களுக்கு ஐந்திலக்கம். சாலையின் இந்தப் பக்க நிறுத்தம் 1-இல் முடிந்தால் எதிர்ப்பக்கத்தது பெரும்பாலும் 9-இல் முடியும். தோ பாயோ இன்டர்சேஞ்ச் 52009, அங் மோ கியோ 54009, ஈசூன் 59009. பல நிறுத்தங்களுக்குத் தனிப்பெயரே கிடையாது. ‘புளோக் இன்னது’ என்றும், சாலையைக் கடந்தால் ‘புளோக் இன்னதற்கு எதிரே’ என்றும் பலகை சொல்லும்.

வெளியூரிலிருந்து வரும் எழுத்தாள நண்பர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஊருக்கு உயிர் வேண்டாமா, இப்படிக் கணக்குப் புத்தகம் மாதிரி எண் போட்டு வைத்திருக்கிறீர்களே என்பார்கள். நான் அவர்கள் கட்சியில் இல்லை. பெயர் வைத்த தெருக்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? லிட்டில் இந்தியாவிலேயே கிளைவ் ஸ்ட்ரீட், ஹேஸ்டிங்ஸ் ரோடு, கேம்பெல் லேன். கிளைவும் ஹேஸ்டிங்ஸும் நமக்கு மாமனா மச்சானா? சிக்லாப் பக்கம் ஒரு தனியார் குடியிருப்பில் தெருக்களுக்கெல்லாம் ஐடா, கார்மென், டோஸ்கா என்று ஐரோப்பிய இசைநாடகப் பெயர்கள். அங்கே மீ கோரேங் வாங்கிக்கொண்டு நடப்பவர் எவரும் வெர்டியை நினைப்பதாகத் தெரியவில்லை. ஸ்ட்ரீட் 11 யாருக்கும் சிலை எடுக்கவில்லை. வழியைச் சொல்கிறது, அவ்வளவுதான். மிச்சத்தை அங்கே குடியிருப்பவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

குடியிருப்பவர்கள் மட்டுமல்ல, திட்டமிட்டவர்களும் பார்த்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டரில் 60 லட்சம் பேர். நிலத்தில் 12 விழுக்காடு சாலைகளுக்கும் 14 விழுக்காடு வீடுகளுக்கும் போய்விட்டது என்று நிலப் போக்குவரத்து ஆணையமே கணக்குச் சொல்கிறது. இந்த நெருக்கடியில் மனிதர் மூச்சுவிட வழி தேடியவர்களில் முக்கியமானவர் லியூ தாய் கெர். 1969-இல் வீவகவில் சேர்ந்து, அதன் தலைமை நிர்வாகியாகி, 1989 வரை அங்கே இருந்தவர். 2025 ஜனவரியில் காலமானார். நகரம், அதற்குள் பேட்டை, பேட்டைக்குள் சில நூறு வீடுகள் கொண்ட சிறு வட்டாரம் என்ற அடுக்கு அவர் காலத்தில்தான் உருப்பெற்றது. அடுக்குமாடிகளுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியோ திடலோ பூங்காவோ வருமாறு, சதுரங்கக் கட்டங்களைப் போல மாற்றி மாற்றி வைத்தார்கள். தெம்பனிஸில் அதை நன்றாகப் பார்க்கலாம். எட்டாம் மாடித் தாழ்வாரத்தில் நிற்பவருக்கு எதிர்வீட்டுச் சமையலறைக்குப் பதிலாகப் பிள்ளைகள் பந்து விளையாடும் திடல் தெரிகிறதென்றால், அது தற்செயல் இல்லை.

இத்தனை பேட்டைகளையும் கோத்து வைப்பது இன்டர்சேஞ்ச். முன்பு பல தனியார் பேருந்து நிறுவனங்கள் ஆளுக்கொரு திசையில் ஓட்டிக்கொண்டிருந்தன. 1971-இல் அவை மூன்றாகச் சுருங்கின, 1973-இல் அந்த மூன்றும் சிங்கப்பூர் பஸ் சர்வீஸ் என்று ஒன்றாயின. புதுநகரங்கள் எழுந்தபோது வீட்டு வாசலிலிருந்து நேரே டவுனுக்கு எல்லாரையும் கொண்டுபோக முடியாது என்றாகிவிட்டது. ஃபீடர் உங்களைப் புளோக்கிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து ஓரிடத்தில் இறக்கும். அங்கிருந்து பெரிய பஸ். 1978-இல் ஜூரோங்கில் அப்படியோர் இன்டர்சேஞ்ச் வந்தது. பிடோக், அங் மோ கியோ, கிளமெண்டி எல்லாம் அடுத்தடுத்துத் தொடர்ந்தன. 1987 நவம்பரில் தோ பாயோவுக்கும் இயோ சூ காங்குக்கும் இடையே முதல் எம்ஆர்டி ஓடியபின் பெரிய பஸ்ஸின் வேலையில் பாதியை ரயில் வாங்கிக்கொண்டது. அப்போதெல்லாம் வண்டி மாறினால் காசு கூடும். 2010 ஜூலையில் தூரத்தை மட்டும் பார்க்கும் கட்டணம் வந்த பிறகுதான் மாறி ஏறுவது பர்ஸுக்கு வலிக்காமல் போனது.

2002-இல் தோ பாயோவில் குளிரூட்டப்பட்ட முதல் இன்டர்சேஞ்ச் திறந்தது. மேலே வீவக தலைமையகம், கீழே ரயில், நடுவில் பஸ். அதன்பின் வந்தவை பெரும்பாலும் அதே வார்ப்பு: கடைத்தொகுதி, கண்ணாடிக் கதவு, ஏசி. வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் புக்கிட் மேராவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். ரயில் தொடாத, ஏசி தொடாத பழைய பாணி இன்டர்சேஞ்ச். மேலே ஒரு கூரை, கீழே வரிசைக் கம்பிகள், காற்றோடு வரும் டீசல் வாடை. அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பக்கத்தில் நிற்பவரோடு பேசுகிறார்கள். ஏசிக்குள் நிற்பவர்கள் கைபேசியோடு பேசுகிறார்கள். காரணம் குளிரா, தலைமுறையா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

புக்கிட் மேரா என்றதும் 167 ஞாபகத்துக்கு வருகிறது. செம்பவாங்கிலிருந்து தாம்சன் சாலை வழியாக அங்கே போகிற நீண்ட தடம். புதிய ரயில் பாதை அதே வழியில் வந்துவிட்டதால் ஏறுவோர் குறைந்துவிட்டார்கள், 2023 டிசம்பரோடு நிறுத்தப் போகிறோம் என்று நவம்பரில் அறிவிப்பு வந்தது. கிளம்பியதே எதிர்ப்பு! முதியவர்கள், மருத்துவமனைக்குப் போவோர், சுரங்க நிலையத்தின் படியும் மின்படியும் ஒத்துவராதவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்தபடி போவதையே பொழுதாக வைத்திருந்தவர்கள் எல்லாரும் குரல் கொடுத்தார்கள். கடைசியில் அரை மணிக்கு ஒன்று என்று வண்டி தப்பியது. அந்தச் சில வாரங்களில் நம் தமிழ்ப் பாட்டிகள் 167 பற்றிப் பேசிய பேச்சில் நல்ல கதைகள் இருந்தன. ஒன்றுகூட இந்த அலுவலகத்துக்கு வந்து சேரவில்லை.

வந்து சேராத இன்னும் சிலவற்றைச் சொல்கிறேன். மாலை ஆறரைக்கு ஈசூன் இன்டர்சேஞ்சில் நின்றால் இழுவண்டியில் முருங்கைக்காய் தலைநீட்ட ஒரு அம்மா வருவார். அவருக்கு இடம்விட்டுப் பின்னால் தள்ளி நிற்கும் பையன் தேசிய சேவைக்காரன், முதுகில் அவன் உயரத்துக்கு மூட்டை. ‘எந்த கேம்ப் தம்பி?’ என்று அவர் கேட்பார். அவன் ஆங்கிலத்தில் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு வருவான். ஃபீடர் வருவதற்குள் அவன் பாட்டியின் ஊர் வரை விசாரணை முடிந்திருக்கும். பூன் லே பக்கம் ஞாயிறு மாலையில் போனால் வேறு தமிழ் கேட்கும். புதுக்கோட்டை, தஞ்சாவூர், ராமநாதபுரம். துவாஸ் தொழிலாளர் விடுதிகளுக்குத் திரும்பும் தம்பிகள் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டே வரிசையில் நகர்வார்கள். பஸ் படியில் கால் வைக்கும்போதுதான் ‘சரிம்மா, வைக்கிறேன்’ என்பார்கள். அட்டையைத் தட்ட ஒரு கை வேண்டுமே.

ஈசூனுக்கு இன்னொரு கதையும் உண்டு. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் ஏராளம். அந்தக் காலத்தில் கேன்பரா சாலையோரம் ஒரு மரத்தடியில் வழிபாடு தொடங்கிய முருகன்தான் இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக இருக்கிறார். பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துப் போகும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு, தாத்தா அந்தத் தளத்தில் கொல்லுப்பட்டறையில் நின்றாரா, கப்பலுக்குச் சாயம் பூசினாரா என்பது தெரியும்? தஞ்சோங் பகாரில் மேக்ஸ்வெல் உணவங்காடி இருக்கும் தெருவுக்குக் கடையநல்லூர் ஸ்ட்ரீட் என்று பெயர். கோழிச் சோற்றுக்கு அங்கே வரிசையில் நிற்கும் தென்காசி வட்டாரத்துப் பேரப்பிள்ளைகள் நிமிர்ந்து பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்களா? இவை யாவும் தேக்காவுக்கு வெளியே இருப்பவை.

ஆகவே, அடுத்த சில இதழ்களில் ‘எங்கள் பேட்டை’ என்று ஒரு பகுதிக்கு இடம் ஒதுக்குகிறோம். உங்கள் குடியிருப்பு, உங்கள் காப்பிக்கடை, உங்கள் ஃபீடர். கதையாக இருக்கலாம், கட்டுரையாக இருக்கலாம், தாத்தாவிடம் கேட்டெழுதிய நான்கு பத்தியாகவும் இருக்கலாம். அறுநூறு சொல்லைத் தாண்ட வேண்டாம். புளோக் எண்ணைத் தாராளமாக எழுதுங்கள், வீட்டு எண்ணை விட்டுவிடுங்கள். அண்டைவீட்டாரின் உண்மைப் பெயரும் வேண்டாம், பிறகு மின்தூக்கியில் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டியவர் நீங்கள். பழைய புகைப்படம் இருந்தால் நகலெடுத்து அனுப்புங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். மாணவர்கள் கையால் எழுதி அனுப்பினாலும் தட்டச்சு செய்ய இங்கே ஆளிருக்கிறது.

தேக்கா பற்றி எழுதியே தீருவேன் என்பவர்களுக்கும் தடையில்லை. போய்ச் சேர்ந்த இடத்தோடு, போன வழியையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்