கேட்டு வாங்க வேண்டிய தாள்



சுங்கை ஆயர் தாவாரில் என்னிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தந்தை, பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு தனியார் ஒருவரிடம் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கினார். வாங்குமுன் ஒரு பட்டறைக்காரருக்கு 150 ரிங்கிட் கொடுத்து வண்டியைச் சோதிக்கச் செய்தார். "நல்ல வண்டி, எடுக்கலாம்" என்றார் அவர். மூன்றாம் வாரம் கியர் பெட்டி செயலிழந்தது. வேறொரு பட்டறையில் எண்ணெய் அளவுக்கம்பியை உருவிக் காட்டினர். எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை வீசியது. பழுதுபார்க்க 4,200 ரிங்கிட்!

"பி5 சோதனையில் தேறிய வண்டிதானே, சார்?" என்று என்னிடம் கேட்டார். உரிமை மாற்றத்திற்கான அச்சோதனை, இயந்திர எண், அடிச்சட்ட எண் முதலியவற்றைச் சரிபார்ப்பது. கியர் பெட்டி நீடித்து உழைக்கும் என்பதற்கு அது உத்தரவாதமன்று.

ஆயினும் சட்டம் அவரைக் கைவிடவில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 53ஆம் பிரிவு, கட்டணம் பெற்றுச் செய்யும் சேவை நியாயமான கவனத்துடனும் திறனுடனும் அமைய வேண்டும் என்கிறது. வண்டியைச் சோதிப்பதும் ஒரு சேவையே. "நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்துவிட்டு இக்கடமையிலிருந்து நழுவ முடியாது. அதே வேளையில், பட்டறைக்காரர் சோதிடர் அல்லர். பிரித்துப் பார்த்தாலன்றித் தெரியாத குறைக்கு அவரைப் பழிப்பது முறையன்று. அளவுக்கம்பியை உருவியிருந்தாலே தெரிந்திருக்கக் கூடிய குறையைக் காணாமல் விட்டதுதான் இங்குள்ள கேள்வி.

இத்தகைய வழக்கைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திற்குக் கொண்டு செல்லலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை வரம்பு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 50,000 ரிங்கிட். உரிமை எழுந்த மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, இரு தரப்பினரும் தாங்களே பேசலாம். மன்றத்தின் தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றமாகும்.

அப்படியிருந்தும் அத்தந்தை தயங்குகிறார். ஏன்? அவரிடம் ரசீது இல்லை, எழுத்தில் அறிக்கை இல்லை. 150 ரிங்கிட்டைக் கையில் கொடுத்தார். "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்று இன்று மறுக்கிறார் பட்டறைக்காரர். "தாள் கேட்டால் சந்தேகப்படுகிறேன் என்று நினைப்பாரே, சார்" என்றார் அத்தந்தை. அச்சொல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தோட்டத்து மக்களாகிய நாம் வாய்ச்சொல்லை நம்பி வளர்ந்தவர்கள். அந்நம்பிக்கை இழிவன்று. ஆனால், ரசீது கேட்பது அவமதிப்பும் அன்று. எவற்றைச் சோதித்தார், எவற்றைச் சோதிக்கவில்லை, வண்டியை ஓட்டிப் பார்த்தாரா என்பவற்றை எழுதி, நாளிட்டு, கையொப்பமிட்டுக் கேளுங்கள். நேர்மையான பட்டறைக்காரருக்கும் அத்தாளே காப்பு. குறை தெரிந்தால், பழுதுபார்க்குமுன் படம் எடுத்து, மற்றொரு பட்டறையின் கருத்தையும் எழுத்தில் பெறுங்கள்.

மாணவர்களுக்குப் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுக்கிறோம். பெற்றோருக்கு ரசீது கேட்கும் துணிவையும் நாம்தான் ஊட்ட வேண்டும். அத்தந்தையிடம் இரண்டாம் பட்டறையின் கருத்தை எழுத்தில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மனுவை இருவரும் சேர்ந்தே நிரப்பப் போகிறோம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.